பேரூராட்சி அலுவலகத்தில் யாரிடம் எதைக் கேட்பது?

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேரூராட்சிச் செயல் அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். – செய்திமடல் குழு)



செயலாளர் என்னிடம், "சார், நீங்க முப்பது வருஷத்துக்கு மேல பேரூராட்சியில இருந்தவர். யாரு எந்த வேலை செய்யறாங்கன்னு ஒரு இருபது நிமிஷம் சொல்லுங்க" என்றார். அவர் ஏன் கேட்டார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். போன ஐப்பசி மழையின்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சி பிளாக்கின் பின்பக்கம் நடந்த விஷயம்தான் காரணம். தெரியாதவர்களுக்கு அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை வேண்டியிருக்கிறது.

நம் வாட்ஸ்அப் குரூப்பில் அடிக்கடி வரும் வாக்கியம், "முனிசிபாலிட்டிக்காரன் என்ன பண்றான்?" முதலில் ஒன்று. இங்கே முனிசிபாலிட்டியே கிடையாது. இது பேரூராட்சி. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி என்றால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று மூன்று வகை. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், ஏறக்குறைய 490 பேரூராட்சிகள். எண்ணிக்கையில் நாம்தான் பெரும்பான்மை. ஆனால் செய்தித்தாளில் நமக்கு இடம் குறைவு.

மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் ஆணையர் இருப்பார். பேரூராட்சிக்கு ஆணையர் இல்லை, செயல் அலுவலர். மக்கள் "இ.ஓ." என்பார்கள். அவர் அரசு ஊழியர், மாற்றலாகி வருவார், போவார். இன்னொரு பக்கம் நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர்கள். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதைச் செய்வது, எந்தத் தெருவுக்கு முதலில் செய்வது என்று முடிவெடுப்பது மன்றம். அதைச் சட்டப்படி, கணக்குப்படி நிறைவேற்றுவது செயல் அலுவலர். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனால் ஊர் பிழைக்கும். நான் ஏழு ஊரில் வேலை பார்த்தேன். ஒத்துப்போனது நான்கில்.

அந்த அலுவலகத்துக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பத்து பேர்கூட இருக்க மாட்டார்கள். செயல் அலுவலர், ஓரிரு உதவியாளர்கள், வரி வசூலிக்கும் பில் கலெக்டர், கம்ப்யூட்டரில் ஒருவர், சுகாதாரப் பிரிவில் ஒருவர். பொறியாளர் இருப்பார், ஆனால் அவரே மூன்று நான்கு பேரூராட்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை இங்கே, புதன்கிழமை இன்னொரு ஊர் என்று போய்க்கொண்டிருப்பார். நீங்கள் போன நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தால், அவர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். வெளியே வேலை செய்பவர்கள்தான் அதிகம். தூய்மைப் பணியாளர்கள், தண்ணீர் திறந்துவிடுபவர், மோட்டார் போடுபவர், தெருவிளக்குப் பார்ப்பவர். ஊர் ஓடுவது இவர்களால்.

அடுத்தது, எது அவர்கள் வேலை, எது இல்லை. இதில்தான் நம் ஆட்கள் பாதி நாளை வீணாக்குகிறார்கள்.

பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வருவாய்த் துறை. வட்டாட்சியர் அலுவலகம். பேரூராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., பேரூராட்சி எல்லைக்குள் உட்கார்ந்திருந்தாலும் அவர் வருவாய்த் துறை ஆள். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலர். வில்லங்கச் சான்று சார்பதிவாளர் அலுவலகம். நம் கேட்டுக்கு வெளியே போகிற பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் இருக்கும் பள்ளத்தைப் படம் எடுத்து நாம் இரண்டு வருஷமாக இ.ஓ.வுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர் என்ன செய்வார், அடுத்த துறைக்குக் கடிதம் எழுதுவார். நம் வளாகத்தை ஒட்டிய உள்தெரு மட்டும் பேரூராட்சியுடையது. தெருவிளக்கில் கம்பம் பெரும்பாலும் மின்வாரியத்துடையது. விளக்கும் அதன் கரண்ட் பில்லும் பேரூராட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுக்கும்போது கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். "டீக்கடை பக்கத்துல" என்றால் எந்த டீக்கடை என்று அந்த ஆள் ஊர் சுற்றுவார்.

தண்ணீரில் கொஞ்சம் சிக்கல் உண்டு. நம் ஊருக்கு வருவது கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். ஆற்றிலிருந்து எடுத்து ஊர்த் தொட்டி வரை கொண்டு வருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து உங்கள் குழாய் வரை பேரூராட்சி. ஊர் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்றால் வாரியத்தின் பக்கம் கோளாறு. நம் தெருவுக்கு மட்டும் வரவில்லை என்றால் வால்வு திறப்பவரிடம் கேட்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி சண்டை குறையும்.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நம் காம்பவுண்டு பேரூராட்சி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கறிக்கடை, பேக்கரி எல்லாம் ஊராட்சி. அங்கே செயல் அலுவலர் கிடையாது. ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர், மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். அதனால்தான் எதிர்ப்பக்கக் குப்பையை நம் தூய்மைப் பணியாளர் தொடுவதில்லை. நாய்க்கு மட்டும் எல்லை தெரியாது, அது இரண்டு பக்கமும் வரும்.

பிறப்பு, இறப்புப் பதிவு பேரூராட்சி வேலைதான். ஆனால் ஒரு நுணுக்கம். சம்பவம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. நீங்கள் வசிக்கும் ஊரில் அல்ல. அப்பா சென்னையில் ஆஸ்பத்திரியில் தவறிப்போனார் என்றால் சான்று சென்னை மாநகராட்சியில். வீட்டிலேயே தவறிப்போனால் இங்கே, தகவல் கொடுக்க வேண்டியது குடும்பத்தார். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர்தான் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகும்போது மெதுவாக ஞாபகப்படுத்த வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் நம் வழக்கம், பெயரில்லாமல் பதிந்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்த்தால் இலவசம். அதன் பிறகு கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்க, பாஸ்போர்ட் எடுக்க எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்த ஒரு சான்றுதான். டி பிளாக்கில் சமீபத்தில் மூன்று குழந்தைகள் பிறந்திருக்கின்றன. தாத்தா பாட்டிகள் எண் கணிதம் பார்த்து எழுத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

இப்போது வரி. அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. 2022-இல் உயர்த்தினார்கள் அல்லவா, அப்போது நம்மைப் போன்ற ஊர்களில் வீட்டின் அளவைப் பொறுத்து உயர்வு. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் நூறு. ஏ பிளாக்கில் பெரிய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஏன் இரட்டிப்பானது என்பது இதனால்தான். பில் கலெக்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. தாமதித்தால் வட்டி. ஆன்லைனில் கட்டலாம், ஆபீஸுக்குப் போக வேண்டியதில்லை. அந்த ரசீதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று, போய் ஒரு புத்தகமாவது எடுங்கள்.

வீடு வாங்கியவர்கள் பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வரி ரசீதில் இன்னும் பில்டர் பெயர், அல்லது பழைய உரிமையாளர் பெயர். நம் எழுபத்திரண்டு வீட்டில் பதினொரு வீடு இப்படி இருக்கிறது, நான் பட்டியல் பார்த்தேன். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள். வரி ரசீது சொத்துரிமைக்கு ஆதாரம் அல்ல. ஆனால் பேங்க் கடனுக்கும் குடிநீர் இணைப்புக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு சாலை போட ஏன் ஒரு வருஷம் ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் நாற்காலியில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைத் தினமும் கேட்டிருக்கிறேன். நீங்கள் மனு கொடுக்கிறீர்கள். பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அது மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வேண்டும். மன்றம் பொதுவாக மாதம் ஒரு முறைதான் கூடும், கோரம் இல்லாவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். பிறகு தொகையைப் பொறுத்து மேலிடத்தில் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல். பிறகு டெண்டர். யாரும் போடவில்லை என்றால் மறு டெண்டர். பிறகு பணி ஆணை. அதற்குள் மழை வந்துவிடும். இதில் எந்தப் படியில் உங்கள் கோப்பு நிற்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும். "எப்ப சார் போடுவீங்க" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். நானே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால் பொங்கலுக்குள் மனு போய்ச் சேர வேண்டும், பட்ஜெட் மார்ச்சுக்குள் முடிந்துவிடும்.

கவுன்சிலர்களைப் பற்றி நம் குரூப்பில் கேலியாக எழுதுகிறீர்கள். ஒன்று சொல்கிறேன். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் மன்றமே இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். அதில் கடைசி மூன்று வருஷம் நான் பணியில் இருந்தேன். முதல் ஆறு மாதம் எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்கவில்லை. சத்தம் இல்லை, வெளிநடப்பு இல்லை, கோப்பு வேகமாக நகர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, எந்தச் சந்தில் குழாய் உடைந்திருக்கிறது என்று காலை ஆறு மணிக்குப் போன் பண்ணித் திட்ட ஆளில்லை என்று. அந்தத் திட்டு எவ்வளவு பெரிய தகவல் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதனால் நம் வார்டு உறுப்பினரைக் கல்யாண வீட்டில் பார்த்தால் மட்டும் கும்பிடாமல், மாதம் ஒரு முறை சங்கத்துக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். 2022-இல் வார்டு குழு, பகுதி சபை என்று மக்கள் நேரில் பேசுவதற்கான அமைப்புகளுக்கு விதிகள் வந்தன. நம் வார்டில் கூட்டம் எப்போது என்று அவரிடமே கேளுங்கள்.

மனு கொடுக்கும்போது ஒரு மனுவில் ஒரு விஷயம். குப்பை, நாய், விளக்கு, பூங்கா எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்த மேசைக்கும் போகாது. நகலில் தேதி முத்திரை போட்டு வாங்குங்கள். பதில் இல்லை என்றால் மாவட்டத்தில் பேரூராட்சிகளுக்கு உதவி இயக்குநர் இருக்கிறார். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். 1100 என்ற முதல்வர் உதவி எண். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் இதையெல்லாம் முதல் நாளே எடுக்காதீர்கள். முதலில் நேரில் போங்கள்.

நம் பக்கம் உள்ள கடமைக்கு வருகிறேன். டெங்கு கொசுப்புழு பார்க்க வரும் பெண்களைச் செக்யூரிட்டியை விட்டுக் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டையும், பால்கனியில் பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டையும் பார்க்கத்தான் வருகிறார்கள். அந்தத் தட்டில் தேங்கிய தண்ணீரில் ஒன்றரை வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். உள்ளே விடுங்கள். குப்பை விஷயத்தில், 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகம் பிரித்துக் கொடுப்பதோடு, மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாக்க வேண்டும் என்று அப்போது சொல்லின. நம் வளாகம் அந்த அளவைத் தாண்டியது. நாம் இன்னும் டயப்பரையும் வாழை இலையையும் ஒரே கவரில் கட்டிக் கொடுக்கிறோம். அதை வெறும் கையால் பிரிக்கும் அம்மாவுக்கு நீங்கள் தீபாவளிக்கு நூறு ரூபாய் கொடுப்பது சரி, இதை முதலில் செய்யுங்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

நம் ஊரில் பாதாள சாக்கடை இல்லை. பெரும்பாலான பேரூராட்சிகளில் இல்லை. எழுபத்திரண்டு வீட்டுக் கழிவும் இரண்டு செப்டிக் டேங்கில்தான் போய் நிற்கிறது. ஐப்பசி மழையில் சி பிளாக் டேங்க் நிரம்பி, தரைத்தள வீட்டுக் கழிவறையில் எதிர்த்து வந்தது. அந்த வீட்டில் கைக்குழந்தை. குரூப்பில் இரவு பூராவும் மெசேஜ். யாரோ ஒருவர் ஒரு லாரிக்காரர் நம்பர் போட்டார். இன்னொருவர் பேசி, நாலாயிரத்து ஐந்நூறு சொன்னதை மூவாயிரத்து எண்ணூறுக்குக் குறைத்தார். குரூப்பில் பத்துக் கைதட்டல். நானும் ஒரு கைதட்டல் போட்டேன்.

காலை ஆறரை மணிக்கு நான் பால்கனியில் காபியோடு நின்றேன். கீழே லாரி நிற்கிறது. டேங்கின் மூடி திறந்திருக்கிறது. இரண்டு பையன்கள், ஒரு வாளி, ஒரு கயிறு. மேல் தண்ணீரை உறிஞ்சியாயிற்று, அடியில் கசடு இறுகிப்போய் குழாயில் ஏறவில்லை. டிரைவர் "இறங்கி கலக்கி விட்டாத்தான் வரும்" என்கிறார். அதில் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, சட்டையைக் கழற்றி லாரி மேல் போட்டுவிட்டான். ஒரு கால் உள்ளே இரும்புப் படியில்.

நான் போட்ட சத்தத்தில் என் வீட்டம்மா எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டாள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு ஊரில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு தங்கும் விடுதியின் செப்டிக் டேங்கில் இப்படித்தான் ஒருவர் இறங்கினார். கூப்பிட்டால் பதில் இல்லை. அவரைத் தூக்க அவருடைய சித்தப்பா மகன் இறங்கினார். உள்ளே இருப்பது வெறும் நாற்றம் அல்ல, விஷ வாயு. இரண்டு மூச்சு போதும், மயங்கி விழ. நான் போனபோது தீயணைப்பு வண்டி வந்திருந்தது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். அறிக்கை எழுத வேண்டியவர்களில் நானும் ஒருவன். முதல் கேள்வி, இறங்கச் சொன்னது யார். மேனேஜர் காண்டிராக்டர் என்றார். காண்டிராக்டர் லாரி உரிமையாளர் என்றார். லாரி உரிமையாளர், "அவனா இறங்கிட்டான் சார்" என்றார்.

அந்த லாரிக்கு எங்கள் அலுவலகத்தின் உரிமம் இல்லை. அது தினமும் கடைத்தெரு வழியாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் போய்க் கொட்டுகிறது என்று மக்கள் சொன்னதும் எனக்குத் தெரியும். ஒரு நோட்டீஸ் கொடுத்தேன், அதோடு விட்டேன். அறிக்கையில் எனக்குத் தெரியாது என்று நான் எழுதவில்லை. தெரியும் என்றும் எழுதவில்லை. இதை இத்தனை பேர் முன்னால் சொல்வது இதுதான் முதல் தடவை.

2013-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ யாரையும் இறக்கக்கூடாது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்தவர் யாராக இருந்தாலும் பொருந்தும், சங்கமும் இதில் அடங்கும். உயிர் போனால் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. அந்தப் பையன் அன்று இறங்கியிருந்தால், நம் எழுபத்திரண்டு வீட்டில் யாரும் "நான் இறங்கச் சொல்லவில்லை" என்று சொல்லியிருக்க முடியும். எல்லோருமே உண்மையைத்தான் சொல்லியிருப்போம்.

கீழே போய்ப் பையனிடம் பேசினேன். "அஞ்சு நிமிஷ வேலை சார், இதுக்குப் போயி" என்று சலித்துக்கொண்டான். கூலி போய்விடும் என்ற கவலை. பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பினோம். தரைத்தள வீட்டாரை இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கவைத்தோம்.

திங்கள்கிழமை நானும் செயலாளரும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். உரிமம் உள்ள கழிவுநீர் லாரிகளின் பட்டியல் சுகாதாரப் பிரிவில் இருக்கிறது, கேட்டால் கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வேறு லாரி வந்தது. பெரிய பம்பு. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கசடைக் கரைத்து, பிறகு உறிஞ்சினார்கள். இரண்டரை மணி நேரம். யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முன்பு பேசியதைவிட இரண்டாயிரம் ரூபாய் அதிகம். வீட்டுக்கு இருபத்தெட்டு ரூபாய்.

லாரி எங்கே போய்க் கொட்டும் என்றும் கேட்டோம். உரிமம் வாங்கியவர் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும், ரசீது தர வேண்டும். நம்மைப் போன்ற சின்ன ஊரில் அதெல்லாம் நடக்குமா என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சிதான், அந்தச் சின்ன ஊர், கசடுக் கழிவுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை 2017-இல் அமைத்தது. பக்கத்து மதுராந்தகத்து லாரிகளும் அங்கே வருகின்றன. நமக்கு எந்த நிலையம் என்று லாரிக்காரர் ரசீதிலேயே இருக்கிறது.

கசடு அவ்வளவு இறுகியதற்குக் காரணம் நாம்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டும். சி பிளாக் டேங்கை இந்த வளாகம் கட்டி ஒன்பது வருஷத்தில் ஒரு முறைகூட எடுக்கவில்லை. நிரம்பி வழிந்த பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு, பேரம் பேசி ஆள் தேடினால் இறங்குகிற பையன்தான் கிடைப்பான்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் நேற்று நான் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். உரிமம் உள்ள லாரிகளின் பட்டியல் இருக்கிறது. அதற்குக் கீழே 14420 என்ற எண், கழிவுநீர் அகற்றுவதற்கான உதவி எண். அதற்கும் கீழே இரண்டு வரி. சி பிளாக் டேங்க் கடைசியாக எடுத்தது எப்போது, அடுத்து எடுக்க வேண்டியது எப்போது என்று தேதி எழுதிவிட்டேன். ஏ, பி பிளாக்குக்கான டேங்கின் வரி காலியாக இருக்கிறது. அது எப்போது எடுத்தது என்று பழைய கணக்கு நோட்டில் நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பொருளாளர் இந்த வாரம் மூடியைத் திறந்து அளவு பார்க்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். கம்பு விட்டுத்தான் பார்க்க வேண்டும், யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் அந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுவார்கள், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் தாண்டிவிட்டது, கேசரி ஆறுகிறது.